காளவாய் வளைவின் வாட்டம்

லேசர் அளவு வந்து சேர்ந்த செவ்வாய்க்கிழமை காலையில், டெர்பியில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்த அலுவலகத்துக்கு முதல் ஆளாக வந்தவன் நோயல் பாக்ஷா. மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஸ்கார்டேல் பந்தயப் பாதையை அங்குலம் அங்குலமாக அளந்த புள்ளிகள், கோடிக்கணக்கில், திரையில் மூடுபனிபோல எழுந்து நின்றன. அதன்மேல், ஒன்பது வருடத்துக்கு முன்னால் கணினி விளையாட்டுக்காகத் தன் கையால் செய்த பழைய ஸ்கார்டேலைச் சிவப்புக் கோடாக இறக்கினான்.

பொருந்தியது. மூன்று நாள் அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு நடந்து எடுத்த அளவு அது. எங்கேயாவது ஒரு சாண் தள்ளியிருந்தால் அதிகம். இந்தக் காலத்து லேசரோடு ஒரு மனுஷனின் கால் இந்த அளவுக்கு ஒத்துப்போகிறதே என்று தனக்குள் சிரித்துக்கொண்டான். ஏழாவது வளைவு வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

ஏழாவது வளைவுக்குக் காளவாய் என்று பெயர். பழைய சுண்ணாம்புக் காளவாயைச் சுற்றிக்கொண்டு பாதை இடது பக்கம் திரும்பும் இடம். அங்கே சிவப்புக் கோடு வெளி ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. லேசர் புள்ளிகள் அதற்கு முழங்கால் உயரம் கீழே, வெளிப்பக்கமாகச் சரிந்து கிடந்தன.

நோயல் நாற்காலியில் சாய்ந்தான். ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒன்பது வருடமாக யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் கம்பெனி செய்கிற கார்ப் பந்தய விளையாட்டின் மூன்றாம் பாகத்தில் இருபது பாதைகள். ஆட்டக்காரர்கள் வருடா வருடம் வாக்குப் போட்டு முதலிடத்தில் உட்காரவைப்பது ஸ்கார்டேலை. ஸ்கார்டேலை அவர்களுக்குப் பிடிக்கக் காரணம் காளவாய். ஆறாவது கியரில், மிதித்த காலை எடுக்காமல், கல்குவாரி விளிம்பை உரசிக்கொண்டு திரும்பலாம். ‘காலை எடுக்காதே’ என்று பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள்கூட உண்டு. நோயல் செய்த பாதைகளில் வெளியுலகத்துக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். நான்காம் பாகத்துக்கு எந்தெந்தப் பாதை போகும் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கார்டேல் போக வேண்டும். அவனுக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

பத்து மணிக்கு டெனிஸ் வந்தாள். விளையாட்டைச் சோதித்துப் பார்க்கிற வேலை அவளுக்கு. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் டெர்பியில் பஸ் ஓட்டியவள். லேசர் அளவுப்படி அவசரமாகச் செய்த புதுப் பாதையில் உட்கார்ந்தாள். ஆறு வளைவு ஒழுங்காகப் போனாள். காளவாயில் வழக்கம்போல மிதித்தாள். கார் வெளியே பிடுங்கிக்கொண்டு போய்த் தகரத் தடுப்பில் மோதி, கவிழ்ந்து, குவாரிக்குள் இறங்கியது.

"இது என்னடா கண்றாவி?"

"இன்னொரு தரம் போ," என்றான் நோயல்.

இன்னொரு தரமும் குவாரி. மூன்றாம் தரம் பிரேக் போட்டு, மூன்றாவது கியருக்கு இறங்கி, ஊர்ந்து திரும்பினாள்.

"நாப்பத்தோராம் நம்பர் பஸ்ஸ ஆஸ்பத்திரி முக்குல திருப்புற மாதிரி இருக்கு. இதுக்கா நான் அந்த வேலைய விட்டுட்டு வந்தேன்? நோயல், எங்க காளவாய என்ன பண்ணித் தொலைச்ச?"

"நான் ஒண்ணும் பண்ணல. இதுதான் நெசம்."

"அப்ப இத்தனை வருஷமா நாங்க ஓட்டினது?"

நோயல் எழுந்தான். டீ போடப் போனான்.

அந்த வாரமே நாற்பது பழைய ஆட்டக்காரர்களை வரவழைத்துப் புதுப் பாதையை ஓட்டவிட்டார்கள். முப்பத்தாறு பேர் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்தார்கள்: இது ஸ்கார்டேல் இல்லை. வேலையை நடத்திச் செல்கிற கொரின் லோமாஸ் அந்தத் தாள்களை நோயல் மேசையில் வைத்தாள். நோயலைவிடப் பத்து வயது சின்னவள், குரலை உயர்த்தாதவள்.

"மேல பேசிட்டேன். பழைய வளைவே இருக்கட்டும்ங்கிறாங்க. மத்ததெல்லாம் லேசர்படி. காளவாய் மட்டும் உன்னோடது."

நோயலுக்கு நெஞ்சு லேசானது. தன்னுடையதே இருக்கும்.

"ஆனா அங்க ஸ்கார்டேல்ல இப்ப ஒரு அம்மா மேனேஜர். மேவிஸ் ராக்னு பேரு. ஸ்கார்டேலைக் கேம்ல போடற லைசென்ஸ்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, டிராக்கை வரைஞ்ச ஆளை அனுப்புங்கன்னு எழுதியிருக்காங்க. போய்ட்டு வா. டீ குடி, சிரிச்சுப் பேசு, கையெழுத்தோட வா."

அடுத்த வாரம் புதன்கிழமை தூறிக்கொண்டே இருந்தது. ஸ்கார்டேலில் அன்று பொதுமக்கள் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டுகிற நாள். மேவிஸ் ராக் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் தலைக்கவசத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும். பாதையோரம் நின்று ஆபத்துக்குக் கொடி காட்டுகிற கொடிக்காரர்கள் போடும் ஆரஞ்சு நிறச் சட்டை, அதன்மேல் மழைக்கோட்டு.

"கேம் கம்பெனியா? வா டக், உக்காரு," என்றாள். அந்தப் பக்கத்தில் பாதிரியாரையும் பால்காரனையும் ‘டக்’ என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவார்கள். "ஓட்ஸ் ரொட்டி திம்பியா? பன்றிக்கறியும் சீஸும் வெச்சது. உன்னப் பாத்தா காலைல ஒண்ணும் திங்காதவன் மாதிரி இருக்கு."

தின்றான். சூடாக இருந்தது. பிறகு அவள் ஒரு தடியை ஊன்றி எழுந்து, "வா, நடக்கலாம்," என்றாள். தடுப்புக்குப் பின்னால் உள்ள மண் பாதையில் காளவாய் வளைவுக்கு நடந்தார்கள். அவள் நடை ஒரு பக்கமாக இழுத்தது. நோயல் தன் நடையைக் குறைத்துக்கொண்டான்.

வளைவின் வெளிப்பக்கம் டயர்களை அடுக்கிச் சுவர் கட்டியிருந்தார்கள். பாதி டயர் புதுசு. அதற்குப் பின்னால் கொடிக்காரர்கள் நிற்கிற மேடை. இரண்டு பேர் தூறலில் மஞ்சள் கொடியோடு நின்றார்கள்.

"நாலு வருஷம் முன்னாடி வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன். சம்பளம் கெடையாது. மத்தியானச் சாப்பாடு, ஒரு டீ. இருபத்தேழு வருஷம்," என்றாள் மேவிஸ். "மொதல்ல எல்லாம் இந்த வளைவுல ஒரு வருஷத்துக்கு ஒருத்தன் வெளிய வருவான். இப்ப மாசத்துக்கு ரெண்டு. ஏன்னு மண்டையப் போட்டு ஒடச்சுக்கிட்டேன். சாலை அதேதான், கார் முன்ன விட நல்ல கார். அப்பறம் ஒருநாள் விபத்துப் படிவத்துல ஒரு கேள்வி சேத்தேன்."

மழைக்கோட்டுப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள். ‘இந்தப் பாதையை எங்கே பழகினீர்கள்?’ என்று கேள்வி. கீழே வெவ்வேறு கையெழுத்தில் பதில்கள். கேமில். கேமில். மகனோட கேமில். நண்பருடன் வந்தேன். கேமில்.

"பத்தொம்போது பேர்ல பதினாலு. உங்க கம்பெனிக்கு ரெண்டு தரம் எழுதினேன். பதிலே இல்ல. போன ஏப்ரல்ல, ஆள் வரலைன்னு நானே கொடியோட நின்னேன். ஒரு குழாய் வேலைக்காரன், நல்ல மனுஷன், மிதிச்ச கால எடுக்கவே இல்ல. டயர் சுவரத் தாண்டி வந்தான். என் இடுப்புல இப்ப ரெண்டு ஆணி இருக்கு. அவன் ஆஸ்பத்திரிக்குப் பூவோட வந்து அழுதான். கேம்ல நானூறு தரம் போயிருக்கேம்மாங்கிறான்."

சொல்லி முடித்துவிட்டு அவள் பாதையைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை.

"ஆட்டம் சுவாரசியமா இருக்கணும்னு வேணும்னே பண்றீங்களா டக்? அதுதான் எனக்குத் தெரியணும்."

நோயல் டயர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டால் பழி கம்பெனி மேல் போய்விடும். கம்பெனிக்கு முகம் கிடையாது.

"இல்லைங்க," என்றான். "அது நான். கம்பெனி இல்ல. நான் இங்க வந்து அளந்தப்ப இதுதான் கடைசி வளைவு. வெள்ளிக்கெழமை சாயங்காலம், இதே மாதிரி மழை. நீளத்தை எடுத்தேன், எந்தப் பக்கம் சரியுதுங்கிற வாட்டத்தை எடுக்கல. ரசமட்டம் வண்டியில கெடந்துச்சு, போய் எடுத்துட்டு வர அலுப்பு. போட்டோ இருக்கே, பாத்துப் போட்டுக்கலாம்னு நெனச்சேன். போட்டோவுல எல்லாச் சரிவும் தட்டையாத்தான் தெரியும், அது எனக்குத் தெரியும். உக்காந்து போடும்போது கை தானா வெளிப்பக்கத்தைத் தூக்கிருச்சு."

"கை தானாவா?"

"இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி ஏழு வருஷம் தார் ரோடு போடற கேங்குல இருந்தேன். மட்டப்பலகை பிடிக்கிற வேலை. வளைவுன்னா வெளிப்பக்கம் தூக்கிப் போடணும். அப்பதான் லாரி கவிழாது. ஆயிரம் வளைவு அப்படிப் போட்ட கை. வேற மாதிரி ஒரு வளைவு இருக்கும்னு அதுக்குத் தோணவே இல்ல."

மேவிஸ் அவனை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். மேடையில் நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தார் ரோடு போட்டவனா நீ? அப்ப உனக்கு இத நான் சொல்ல வேண்டியதே இல்லையே. அந்தப் பக்கம் பாரு. காளவாயோட வாய் எங்க இருக்கு?"

உள்பக்கத்தில், பாதையைவிட ஒரு படி தாழ்வாக, வளைந்த கருங்கல் வாசலுக்குள் இருட்டாக இருந்தது.

"இது முன்ன சுண்ணாம்பு லாரி வந்த ரோடு. வெளிப்பக்கத்தத் தூக்கினா மழத்தண்ணி எங்க போகும்?"

"காளவாய்க்குள்ள," என்றான் நோயல்.

"சுட்ட சுண்ணாம்புல தண்ணி விழுந்தா?"

நோயலுக்குத் தெரியும். கொதித்து வெடிக்கும். ஆள் வெந்துபோவான். அதனால்தான் அந்தக் காலத்தில் எவனோ ஒரு தார்க்காரன், தன்னைப்போல ஒருவன், வாட்டத்தை வெளியே, குவாரிப் பக்கம் விட்டிருக்கிறான். முதல் நாள் வேலைக்குப் போனவன்கூடக் கேட்கிற கேள்வி, தண்ணீர் எங்கே போகிறது என்பது. அதைக் கேட்காமல் ரோடு போட்டவன் நான் என்று நினைத்தபோதுதான் நோயலுக்கு முகம் சுட்டது. லேசர் காட்டியபோதுகூட அப்படிச் சுடவில்லை.

"இருக்கறத இருக்கிற மாதிரி போடு. இன்னிக்கே கையெழுத்துப் போடறேன்," என்றாள் மேவிஸ். "இல்லாதத இருக்கிற மாதிரி போட்டா, என் பேனாவுல மை இல்ல."

கையெழுத்து இல்லாமல் திரும்பினான். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கொரின் மேலிடத்தின் முடிவைச் சொன்னாள். டெனிஸ், இன்னும் ஆறு பேர், நோயல். ஓரத்தில் ஒரு பெண் கூட்டக் குறிப்பு தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"நெசமான வளைவு ஆட்டக்காரங்களுக்குப் பிடிக்கல. பழைய வளைவுக்கு அந்த அம்மா கையெழுத்துப் போடல. அதனால பேர மாத்திடலாம். கார்ஸ்டேல்னு வெச்சு, மரத்தைக் கொஞ்சம் நகத்தி, பழைய ஸ்கார்டேலையே போட்டுடறோம். அது ஸ்கார்டேல்தான்னு பாத்தவுடனே எல்லாருக்கும் தெரிஞ்சிரும். நோயல், ரெண்டு வாரத்துல முடியுமா?"

முடியும். ஒரு வாரமே போதும். பெயர் மாறினால் என்ன, ஓட்டுகிறவனுக்குத் தெரியும் அது யாருடைய பாதை என்று. முதலிடம் மறுபடி அதற்கே. நோயல் பேனாவை மூடினான், திறந்தான்.

தார் கேங்கில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வேலை பிரிக்கும்போது, எவனாவது ஒருவன் எல்லோர் முன்னாலும் ‘அந்தக் குழி சரியும்’ என்று சொல்லி, மேஸ்திரி அதை நோட்டில் எழுதிவிட்டால், அப்புறம் எந்த முதலாளியும் அந்தக் குழிக்குள் ஆளை இறக்க முடியாது. காதோடு சொன்னால் காற்றோடு போய்விடும். நோட்டில் ஏற வேண்டும்.

"ஒண்ணு சொல்லணும்," என்றான் நோயல். குறிப்பு எடுக்கிற பெண்ணைப் பார்த்து, "இத அப்படியே எழுதிக்கம்மா," என்றான்.

சொன்னான். ரசமட்டம் வண்டியில் கிடந்ததை, கை தானாகத் தூக்கியதை, பத்தொன்பதில் பதினாலை, இரண்டு கடிதங்களை, இடுப்பில் இருக்கும் இரண்டு ஆணிகளை. அந்தப் பெண் ஒன்றுவிடாமல் தட்டச்சு செய்தாள்.

"பாத்தவுடனே எல்லாருக்கும் தெரியும்னு நீயே சொன்ன, கொரின். தெரிஞ்சா, அத நம்பி அங்க போய் மிதிப்பாங்க. பேர் வேற, வளைவு அதேதான்."

கொரின் நெற்றியைத் தேய்த்தாள். "இத என் அறைக்கு வந்து தனியா சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்."

"இப்ப எட்டுப் பேர் கேட்டாச்சு. எழுதியும் ஆச்சு. இனிமே தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது." அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அதுக்காகத்தான் இங்க சொன்ன."

"ஆமா."

"அப்ப நெசமானதையே போட்ருங்களேன். பிடிக்கலைன்னா பழகிக்கட்டும்," என்றாள் டெனிஸ். "நான் பழகலையா?"

"முப்பத்தாறு பேர் காறித் துப்பினதை எடுத்துட்டு மேல போய் நிக்கறது நானா, நீயா?" என்றாள் கொரின். "மேல ஒத்துக்க மாட்டாங்க. பிடிக்காத டிராக்குக்கு நாலாம் பாகத்துல இடம் இல்ல."

அவள் பட்டியலில் ஸ்கார்டேல் மேல் ஒரு கோடு இழுத்தாள். கூட்டம் முடிந்தது. வெளியே வரும்போது டெனிஸ் அவன் தோளில் ஒரு குத்து விட்டாள். "உன்னால என் காளவாய் போச்சு, மடப்பயலே," என்றாள். மத்தியானம் தன் சாண்ட்விச்சில் பாதியை அவன் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

செப்டம்பரில் நான்காம் பாகத்தின் பாதைப் பட்டியல் வெளியானது. ஸ்கார்டேல் இல்லை. ‘உரிமம் தொடர்பான காரணங்களால்’ என்று கம்பெனி ஒரு வரி போட்டது. அது போதும், ஆட்டக்காரர்கள் மேவிஸ் ராக்கைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். கிழவிக்குப் பேராசை என்றார்கள். பந்தயம் என்றால் என்னவென்று தெரியாதவள் என்றார்கள். ஸ்கார்டேல் அலுவலகத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள்.

நோயல் இரண்டு நாள் படித்தான். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில், ஆட்டக்காரர்கள் கூடிப் பேசுகிற பக்கத்தில், தன் முழுப் பெயரையும் போட்டு எழுதினான். "காளவாயை மூன்றாம் பாகத்தில் செய்தவன் நான். வாட்டத்தை அளக்காமல் தோராயமாகப் போட்டேன். உண்மையில் பாதை வெளியே சரிகிறது. நீங்கள் காலை எடுக்காமல் ஓட்டிய வளைவு உலகத்தில் எங்கும் இல்லை. அதை நம்பி ஓட்டிய ஒருவரால் அந்த அம்மாவின் இடுப்பு உடைந்தது. திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டுங்கள்."

திட்டினார்கள். தாராளமாகத் திட்டினார்கள். ஒன்பது வருடமாகப் பொய்யை ஓட்டினோமா என்று ஒருவன். பொய்யாக இருந்தாலும் அதுதான் எங்களுக்கு வேண்டும் என்று பலர். தார் போடவே போய்விடு என்று நூறு பேர். ஒரே ஒருவன் மட்டும், அப்படியானால் நிஜத்தில் எந்தக் கியரில் திரும்ப வேண்டும் என்று கேட்டிருந்தான். நோயல் அவனுக்கு மட்டும் பதில் போட்டான்: மூன்றாவது.

கொரின் அவன் மேசைப் பக்கம் வந்தாள். "அதை நான் பாக்கல," என்றாள். "மேல பாக்கற வரைக்கும் நான் பாக்கல. சரியா?"

"சரி."

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நோயல் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு ஸ்கார்டேலுக்குப் போனான். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அந்தப் பாதையில் அவன் கார் ஓட்டியதில்லை. கொட்டகைக்கு வெளியே பத்துப் பேர் வரிசை. சுவரில், கண்ணில் படுகிற உயரத்தில், அவன் எழுதியதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். அவனுக்கு முன்னால் நின்ற தடியான ஆள் அதை முழுக்க வாய்விட்டுப் படித்தான்.

"எவன்டா இந்த நோயல் பாக்ஷா? சரியான கூமுட்டையா இருப்பான் போலிருக்கே," என்று திரும்பினான். "நீ அந்தக் கேம் ஆடியிருக்கியா?"

"கொஞ்சம்," என்றான் நோயல்.

"நான் மூணு வருஷமா ஆடறேன். நல்ல வேளை, இதப் படிச்சேன். இல்லன்னா இன்னிக்கு மிதிச்சிருப்பேன்."

மேவிஸ் உள்ளிருந்து தலையை நீட்டினாள். நோயலைப் பார்த்தாள், தடியனைப் பார்த்தாள். உதடு லேசாகக் கோணியது. படிவத்தை நோயலிடம் தள்ளினாள். இப்போது அந்தக் கேள்வியை விபத்து நடந்த பிறகு கேட்பதில்லை, ஓட்டுவதற்கு முன்னாலேயே கேட்கிறார்கள். ‘இந்தப் பாதையை எங்கே பழகினீர்கள்?’

நோயல் பேனாவை வாங்கி, ‘இன்னும் பழகவில்லை’ என்று எழுதினான்.

மேவிஸ் படித்தாள். தலைக்கவசத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். "போய்ட்டு வா டக்."

ஆறு வளைவும் உள்ளங்கைபோலத் தெரிந்திருந்தது. காளவாய் வந்தது. வெகு முன்னாலேயே பிரேக் போட்டு, மூன்றாவது கியருக்கு இறங்கினான். அப்படியும் பாதை அவனை வெளியே தள்ளியது. இடுப்பு இருக்கையின் ஓரத்தில் போய் அழுந்தியது. திரையில் எந்த எண்ணாலும் காட்ட முடியாத தள்ளு அது. டயர் சுவருக்குப் பின்னால் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் கொடியைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றார்கள். அவனைத் தாண்டி, அடுத்த காரைப் பார்த்தார்கள்.